எல்லாத் திரைக்கும் போன செய்தி

இணையத்தில் இலவசம் என்று எதைக் கண்டாலும் வெங்கடேஷ்பாபுவுக்குக் கை சும்மா இருக்காது. பசுமலைக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை, மூன்று வருடமாகத் தற்காலிகம். 2002 ஜூலையில் அவனுக்கு இரண்டு மென்பொருள் சரக்கு அகப்பட்டது. ஒன்று, இருந்த இடத்திலிருந்தே அடுத்தவர் திரையைக் காட்டும், அதை இயக்கவும் விடும். மற்றது, யாருடைய திரையிலும் சின்னப் பெட்டியாகச் செய்தியைக் கொண்டுபோய் நிறுத்தும். பழுது பார்க்கத்தான் என்று சொல்லிக் கல்லூரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டான். பழுது பார்த்ததைவிட வேடிக்கை பார்த்ததே அதிகம்.

ஒரு மாதம் போயிற்று. அன்று சாயங்காலம் நிர்வாகக் கூட்டம். அவனை நிரந்தரமாக்கச் சொல்லி அலுவலகக் கண்காணிப்பாளர் ஆசீர்வாதம் சிபாரிசுக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை நடுங்கும். ஆனாலும் தானே அடிப்பேன் என்று உட்கார்ந்திருந்தார். வெங்கடேஷ்பாபு தன் அறையிலிருந்தே அந்தத் திரையைத் திறந்து பார்த்தான்.

'வேலையில் கெட்டிக்காரர். நம்பிக்கையானவர். மூத்தவர்களிடம் மரியாதை உள்ளவர்.'

எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. பொறுமை போயிற்று. நூலகத்தில் வேலை பார்க்கும் வித்யாஸ்ரீக்கு, தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், ஆங்கில எழுத்தில் அடித்தான்: 'கிழத்துக்குக் கை ஆடுது. மரியாதைன்னு அடிக்கவே கால்மணி நேரம்!' கல்லூரியில் அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்ற தைரியம். அனுப்பும்போது வித்யாஸ்ரீயின் பெயருக்குப் பதிலாக 'அனைவருக்கும்' என்பதை அழுத்தித் தொலைத்தான். நுணலாவது தன் வாயால் கெட்டது. இவன் விரலால் கெட்டான்.

அவன் பார்த்துக்கொண்டிருந்த திரையிலேயே, கடிதத்தின் மேல், அந்தப் பெட்டி வந்து நின்றது.

இண்டர்காம் அலறியது. "அண்ணே, என்ன காரியம் பண்ணீங்க? இங்க அம்புட்டுக் கம்ப்யூட்டர்லயும் வந்திருக்கு!" என்றாள் வித்யாஸ்ரீ.

"அவருக்கு நம்ம பேச்சு தெரியாதுத்தா" என்றான்.

திரையில் அம்புக்குறி வெகுநேரம் அசையவில்லை. பிறகு பெட்டி மூடியது. அம்புக்குறி நடுங்கி நடுங்கிக் கடைசி வரிக்குப் போனது. 'மூத்தவர்களிடம் மரியாதை உள்ளவர்' என்பது பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. வேலை போனால் போகட்டும், இந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது?

சற்று நேரத்தில் ஆசீர்வாதமே கடிதத்தோடு வந்தார். தடங்கலில்லாத சௌராஷ்டிரத்தில் பேசினார். "மகால் பக்கம் உங்க ஆளுக குடியிருந்த வளவு வீட்லதான் தம்பி நான் வளர்ந்தேன். பிழை இருக்கான்னு பாருங்க. கை ஆடுதுல்ல?"

வாங்கிப் பார்த்தான். மரியாதை இல்லை. நம்பிக்கை அப்படியே இருந்தது. பேசாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அவனால் முடியவில்லை.

"சார், நம்பிக்கையானவர்ங்கிறதையும் எடுத்துருங்க" என்றான் தமிழில்.

"ஏன்?"

"நீங்க அந்த வரியை அழிச்சத நான் இங்கருந்தே பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மாசமா எல்லாத்தையும் பாக்குறேன்."

ஆசீர்வாதம் அவன் திரையைப் பார்த்தார். அவருடைய மேசைக் கம்ப்யூட்டரில் திறந்து கிடந்த கடிதம் அதில் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"அப்ப நீங்களே அழிச்சுட்டு, பிரிண்ட் எடுத்துக் கொண்டாங்க" என்றார், தமிழில். "கையெழுத்துப் போடுறேன்."