நாடாப்புழு தந்த லீவு

வயிற்றில் புழு இருப்பது தெரிந்தும் மருந்து சாப்பிடாமல், ஐந்து மாதம் அதைக் கண்ணும் கருத்துமாய்க் காப்பாற்றிய ஆள் ஒருவன் இருந்தான் என்றால் நம்புவீர்களா? ஒட்டடை அதைத்தான் செய்தான். ஒட்டடைக்கம்பு மாதிரி நெட்டையாய், ஒல்லியாய் இருந்ததால் கேன்டீனில் அவனுக்கு அந்தப் பெயர். அறுநூறு பேருக்குச் சமைக்கிற தொழிற்சாலைக் கேன்டீன் அது. அவனுக்குக் காய் வெட்டுகிற வேலை. மூன்று ஆள் சாப்பாட்டை ஒற்றை ஆளாய்ச் சாப்பிடுவான், உடம்பில் ஒரு பிடி சதை ஒட்டாது. "திங்கிறதெல்லாம் எங்கடா போகுது?" என்று சமையலறைத் தலைவரான மாஸ்டர் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவான். எங்கே போகிறது என்று அவனுக்கா தெரியாது? நாடாவை நறுக்கிப் போட்டது போல வெள்ளை வெள்ளையாய்த் துண்டுகள் கழிவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்கு முன்பு கேன்டீனுக்கு மாற்றப்படும்வரை அவன் இருந்த சாலை போடுகிற முகாமில் அரைவேக்காட்டில் தின்ற பன்றிக்கறியின் உபயம்.

அவன் ஒன்றும் கிறுக்கன் இல்லை. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு என்ற பேச்சே கிடையாது. வேலைக்குக் கிளம்பியபோது மனைவிக்கு ஏழு மாதம். இப்போது மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. போனில்தான் பார்த்திருக்கிறான். அந்தக் குட்டிக்கோ போன்தான் அப்பா. சார்ஜ் போட்டு வைத்தால் "அப்பா தூங்குது" என்கிறாள் என்று மனைவி ஒரு நாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவனும் சிரித்தான். போனை வைத்துவிட்டு வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். ஒரே ஒரு தடவை அவளை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. சமையலறை ஆட்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலப் பரிசோதனை உண்டு. ஏதாவது அகப்பட்டால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குணமாகிச் சான்றிதழ் வாங்கிய மூன்றாம் நாள் திரும்பி வந்து நிற்க வேண்டும். ஆனால் மாஸ்டர் லேசுப்பட்டவரா? ஆள் குறைந்தால் தன் தலையில்தான் விழும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பூச்சி மாத்திரை கொடுப்பார். அவர் கண்முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவர் காலத்தில் ஒருவன்கூட மாட்டியதில்லை என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் ஒட்டடை மண்ணள்ளிப் போட்டான். மாத்திரையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, வாயை ஆவென்று திறந்து காட்டினான். பிறகு முட்டைக்கோஸ் கழிவுக் கூடையில் துப்பினான். பத்தாம் நாள் முடிவு வந்தது. மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பரிசோதனைக்கூடத்து அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இது நாடாப்புழு, உங்கள் மாஸ்டர் தருகிற ஒற்றை மாத்திரைக்கெல்லாம் இது அசையாது, வேறு மருந்து வேண்டும் என்றார். அட, அப்படியானால் விழுங்கியிருந்தாலும் லீவு கிடைத்திருக்குமே என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்து அந்த அம்மா சொன்னதில் சிரிப்பு செத்துப்போனது. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது, கை சரியாகக் கழுவாவிட்டால் நகக்கண்ணில் ஒட்டி அடுத்தவர் சாப்பாட்டுக்குப் போகும், சிலருக்கு மூளையில் போய்த் தங்கி வலிப்பில் கொண்டுபோய் விடும் என்றார்.

"வீட்ல குழந்தை இருக்கா?"

"இருக்கு."

"மூணு சாம்பிள் சுத்தம்னு வர்ற வரைக்கும் குழந்தைக்கு நீங்க ஊட்டிவிடாதீங்க."

எத்தனை நாளாய்த் துண்டு கழிகிறது என்று கேட்டதற்கு ஒரு வாரம் என்று புளுகினான். மருந்தை வாங்கி அங்கேயே விழுங்கினான். அறுநூறு பேர் தட்டேந்தி நிற்பது ரயிலில் வழியெல்லாம் கண்ணுக்குள் வந்தது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் குட்டி அம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் போனை எடுத்துவந்து, இதுதான் எங்கள் அப்பா என்கிற மாதிரி அவனிடமே காட்டினாள். மனைவிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ரெண்டு வேளை உங்கள் கையால் ஊட்டுங்கள், தானாய் ஒட்டிக்கொள்வாள் என்று சோற்றுக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றைச் சொல்லப்போய் ஐந்து மாதக் கதையையும் சொல்லிவிட்டான்.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பிறகு, "எங்களப் பாக்கணும்னா புழு வளத்துத்தான் வரணுமா? அத்தன பேர் சாப்பாட்ல கை வெச்சிருக்கீங்களே, அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குமே" என்றாள். அதன் பிறகு நாலு நாள் வீட்டில் கேட்டதற்குப் பதில் என்ற அளவில்தான் பேச்சு.

மருந்து சாப்பிட்டுப் பதினைந்து நாள் கழித்துத்தான் சாம்பிள் கொடுக்க முடியும். அதுவரை குட்டி சாப்பிடும்போது இரண்டு முழம் தள்ளி, கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சோப்புப் போட்டுப் போட்டுக் கைத்தோல் உரிந்தது. குட்டிக்கு மெல்ல மெல்லப் பயம் தெளிந்தது. உடைந்த பொம்மையைக் கொண்டுவந்து காட்டினாள், தோளில்கூட ஏறினாள். ஒரு நாள் பழச்சுளை ஒன்றைக் கொண்டுவந்து, கொட்டையை எடுத்துக் கொடு என்று நீட்டினாள். முதன்முதலாக அவனிடம் அவள் கேட்ட தீனி அது. அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். உதடு பிதுங்க அவள் அம்மாவிடம் போய்விட்டாள். அன்றைக்கு அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

சாம்பிள் கொடுக்கிற நாள் வந்தது. இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தால்தான் என்ன என்று மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவனுக்கும் புரியாமலில்லை. சுத்தம் என்று வந்தால் ஊட்டலாம், ஆனால் மூன்றே நாளில் கிளம்ப வேண்டும். வராவிட்டால் கூடவே இருக்கலாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நல்ல வசமாகத்தான் மாட்டிக்கொண்டிருந்தான். இருந்தாலும் அந்தப் பழச்சுளை அவனை இருக்க விடவில்லை. ஒரு நாள்கூடத் தள்ளாமல் மூன்று சாம்பிளையும் கொடுத்தான்.

மூன்றும் சுத்தம். மத்தியானம் சான்றிதழோடு வந்து மனைவியின் கையில் கொடுத்தான். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தான். குட்டி அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், இந்த ஆளை நம்பலாமா என்பது போல அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். பாதி அவள் சட்டையில் சிந்தியது. இரண்டாவது வாய்க்கு அவளே மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இதற்காகத்தானே, இந்த ஒரு பிடிக்காகத்தானே என்று நினைத்தான். கிளம்ப இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கூடவே மனம் கணக்குப் போட்டது.

அப்போது போன் அடித்தது. மாஸ்டர். இன்றைக்கு முடிவு வருகிற நாள் என்று அவருக்குத் தெரியும். கை முழுக்கச் சோறாக அவன் திணறுவதைப் பார்த்துவிட்டு மனைவியே எடுத்தாள். மறு கையில் சான்றிதழ் இருந்தது.

"இல்லண்ணே, ரிப்போர்ட் இன்னும் வரல. இன்னும் ஒரு வாரமாவது ஆகும்னு சொல்றாங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் போனை வைத்துவிட்டு, சான்றிதழை நாலாய் மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சோறு ஆறிப்போகுது. ஊட்டுங்க" என்றாள்.