முத்திய தண்ணீரில் சீனித்துளசி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்றவர்களுக்கு மழையில் நனையும்போது கதை வரும், கடலைப் பார்க்கும்போது வரும். எனக்குப் புதுச்சேரி போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் கிடைக்காத எரிச்சலில் வந்தது.

மரக்காணத்தில் ஏறிய ஒரு கணவன் மனைவி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பச்சை இலையை எடுத்தார். பாதியாகக் கிள்ளினார்.

"கடிச்சிப் பாரு."

"வாணாம்."

"கடின்னா."

அவர் கடித்தார். கூனிமேடு தாண்டும்வரை மென்றுகொண்டே வந்தார். பிறகு, "இன்னா இது, இனிக்குது," என்றார். அந்தம்மா சிரித்தார்.

நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த இரண்டு பேரையும் ஒரு கதைக்குள் இழுத்துப் போட்டுக் கொஞ்சமாவது கஷ்டப்படுத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர்களுக்கு இது தெரியாது. காலாப்பட்டில் நிம்மதியாக இறங்கிப் போனார்கள்.

2

முதல் தொடக்கம்: "உப்பளத்தின் மேல் எழுந்த சூரியன் வெள்ளை வெளேரென்று—"

(வேண்டாம். காரை ஓரம் கட்டிப் போட்டோ எடுக்கிற எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். அளத்தில் வேலை செய்கிறவர் அந்த நேரத்தில் சூரியனைப் பார்ப்பதில்லை. குனிந்திருப்பார்.)

இரண்டாவது: "சீனித்துளசி என்பது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மூலிகை. இதன் இலைகளில்—"

(பாடப்புத்தகம். அடித்துவிட்டேன். ஆனால் தகவல் வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள்: இலை இனிக்கும், சர்க்கரைக்காரர்கள் டீயில் போட்டுக்கொள்கிறார்கள்.)

மூன்றாவது: "இருசப்பனுக்குச் சர்க்கரை இல்லை. அவர் மனைவிக்கு இருந்தது."

இது நிற்கும்போல இருக்கிறது. இதில் ஏறிப் போவோம்.

3

இருசப்பன் உப்பளத்தில் பாத்தி பார்க்கிறவர். சமையலில் அவருக்குத் தெரிந்தது டீ மட்டும். கல்யாணமான காலத்திலிருந்து காலை டீ அவர் கைதான். அளத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் போட்டு, ஒன்றை மனைவி கொளஞ்சியம்மாள் முன்னால் வைப்பார். அந்தம்மா முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் திறப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இருசப்பன் சைக்கிளை எடுப்பார்.

பிறகு கொளஞ்சியம்மாளுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் சீனியை நிறுத்தச் சொன்னார். இருசப்பன் மறுநாளே நிறுத்தினார். மனைவி டம்ளரில் ஒன்றும் இல்லை, தன் டம்ளரில் வழக்கம்போல இரண்டு ஸ்பூன். கொளஞ்சியம்மாள் கஷாயம் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு, "இருக்குது," என்பார். நல்லா இருக்குது என்று அல்ல. வெறும் இருக்குது. கண் மூடித் திறப்பது நின்றுபோனது.

அதோடு, கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். தினமும் காலையில். இட்லி மாவு மட்டும் இருந்த நாளிலும் கறிவேப்பிலை தேவைப்பட்டது.

ஒருநாள் மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாயிரத்தின் மனைவி வசந்தா.

"அண்ணே, கொளஞ்சி எங்க? டீ ஆறுது, வரச் சொல்லுங்க."

"எந்த டீ?"

"தெனம் குடிக்கிற டீதான். இலை போட்டது. அதக் குடிச்சாத்தான் அதுக்குப் பொழுதே விடியுதாம்."

இருசப்பன் கையில் டீ வடிகட்டி இருந்தது. அவர் நெஞ்சில் யாரோ ஈட்டியை—

(ஈட்டி வேண்டாம். வடிகட்டியே போதும். அதிலிருந்து டீத்தூள் தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டே இருந்தது, அவர் கவனிக்கவில்லை.)

4

கண்ணாயிரம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் போர் தண்ணீரே கரிக்கும். மண்ணில் வைத்த சீனித்துளசி ஒரு வாரம் தாங்கவில்லை. மனிதர் மண்ணையே கைவிட்டுவிட்டார். மொட்டை மாடியில் மூடி போட்ட பக்கெட்டுகள், மூடியில் ஓட்டை, ஓட்டையில் செடி. சத்து மருந்து கலந்த கேன் தண்ணீரில் வேர் தொங்கும். மீன்தொட்டிக்கு வைக்கிற குட்டி மோட்டார் ஒன்று அந்தத் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். ஹைட்ரோபோனிக்ஸ் என்பார் கண்ணாயிரம். பக்கெட்டு வெவசாயம் என்பார் இருசப்பன், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த இலையின் இனிப்பைப் பற்றி ஒரு விஷயம்*.

* ஒரு சித்திரை மாதம் அனுமந்தையிலிருந்து எறும்புகள் கிளம்பி வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை. குறுக்கே போக முடியாமல் சென்னை பஸ் நின்றுவிட்டது, கண்டக்டர் இறங்கி வழி கேட்டார். எறும்புகள் மாடி ஏறி, இலையைக் கடித்துப் பார்த்து, இனிப்பு இருக்கிறது, வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு, பெரும் மனவருத்தத்தோடு திரும்பிப் போயின. அதில் ஒரு கோஷ்டி வழி தவறிக் கிளியனூரில் குடியேறிவிட்டது. இதை நம்பாதவர்கள் கிளியனூரில் எறும்பு இருக்கிறதா இல்லையா என்று நேரில் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு இந்தக் கண்ணாயிரத்தின் மேல்தான் சந்தேகம். பொறாமைக் கதைக்கு அயோக்கியன் ஒருவன் தேவை. இவரைக் கெட்டவராக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முறுக்கு மீசை வைத்தேன், மறுபத்தியில் மழித்துக்கொண்டு வந்து நின்றார். கொளஞ்சியம்மாளை ஒரு மாதிரி பார்க்க வைக்கலாம் என்று பேனாவை எடுத்தால், "வா தங்கச்சி," என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டார். அந்தம்மாவும் "அண்ணே" என்றுவிட்டார். தங்கச்சி என்கிறவனோடு இருசப்பன் எப்படிச் சண்டை போடுவார்? முறைப்படி இருவரும் மச்சான் ஆகிவிட்டார்கள். பொறாமைக்கு இதைவிட அவமானம் கிடையாது.

5

இருசப்பன் மாடி ஏறினார். கேட்கப் போகவில்லை, சும்மா பார்க்கத்தான்.

"வா மச்சான். இத்தினி நாளா கூப்புடுறேன், இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ஒன் தங்கச்சிக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன்."

கண்ணாயிரம் சிரித்தார். குத்தல் அவர்மேல் பட்டதாகவே தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நாலைந்து கொழுந்துக் குச்சிகளை நறுக்கினார்.

"எடுத்தும்போய் வையி. பழைய பக்கெட்டு, மோட்டாரு ஒரு செட்டு கெடக்குது, அதையும் எடுத்துக்கோ. இந்தா மருந்து. ஒண்ணே ஒண்ணு மச்சான், தண்ணி கொறைஞ்சா வெறுந்தண்ணி ஊத்து. மருந்து கலந்தத ஊத்தாத."

"ஏன்?"

"செடி குடிக்கிறதும் வெயில் குடிக்கிறதும் பெரும்பாலும் தண்ணியத்தான். மருந்து உள்ளயே நின்னுடும். மேல மேல ஊத்துனா கெட்டியாயிடும்."

"கெட்டியானா நல்லதுதான?"

"ஒனக்கு நல்லது. செடிக்கு இல்ல."

கேட்டதைக் கொடுக்காதவன்மேல் பொறாமைப்படுவது சுலபம். கேட்காததையும் தூக்கிக் கொடுக்கிறவன்மேல் பொறாமைப்பட நல்ல உடல்பலம் வேண்டும். இருசப்பனுக்கு இருந்தது. பக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

6

குச்சிகள் வேர்விட்டன, துளிர்விட்டன. பங்குனி வெயிலில் பக்கெட் தண்ணீர் இறங்கியது. இருசப்பன் கேன் தண்ணீரோடு வந்து நின்றார். கை வரவில்லை.

கொஞ்சம் அவர் பக்கம் நின்று பாருங்கள். பாத்தியில் தண்ணீர் விட்டு, வெயிலைக் குடிக்கவிட்டு, மிச்சத்தை அடுத்த பாத்திக்குத் தள்ளி, அங்கேயும் குடிக்கவிட்டு, தண்ணீர் உப்பேறி முத்த முத்தச் சந்தோஷப்பட்டே தலை நரைத்த மனிதர். முத்துகிற பாத்தியில் நல்ல தண்ணீர் விழுவது என்றால் அவருக்கு அது மழை. மழை என்றால் அத்தனை நாள் வேலையும் போச்சு.

"முத்துற பாத்தியில மழை பேஞ்சா இன்னா ஆவும் கொளஞ்சி?"

"கரைஞ்சி போவும். இதுகூடத் தெரியாதா?"

"வெறுந்தண்ணி ஊத்தச் சொல்றான் ஒங்கண்ணன்."

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை போதும். கண்ணாயிரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறான், தன் செடி மட்டும் இனிக்க வேண்டும் என்று, தன் வீட்டு டீதான் அவளுக்குப் பொழுது விடிய வைக்க வேண்டும் என்று. இருசப்பன் கேனைக் கீழே வைத்தார். மருந்தைத் தாராளமாகக் கலந்து ஊற்றினார். தண்ணீர் குறையக் குறைய அதையே ஊற்றினார். வெயில் நன்றாகப் படட்டும் என்று மூடியையும் ஒருபக்கம் தூக்கி வைத்தார்.

பாத்தியில் உப்பு பூப்பதுபோல ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா கொளஞ்சி, பூத்திருக்குது," என்றார். செடியில் ஒரு பூவும் இல்லை. இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டுகொண்டிருந்தது.

[எனக்குத் தெரியும். நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவரைத் தடுத்திருக்கலாம். கண்ணாயிரத்தை அந்தப் பக்கம் வரவழைத்திருக்கலாம். ஒரு மழையையாவது பெய்ய வைத்திருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.]

7

கடைசியில் கொளஞ்சியம்மாளே கண்ணாயிரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் பேனா மாதிரி ஒரு மீட்டர் உண்டு. தண்ணீரில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று காட்டும். பக்கெட்டில் வைத்தார். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, பிறகு மீட்டர் எண் காட்டுவதையே விட்டுவிட்டது.

"மச்சான், இதுல செடி வராது. இன்னும் ரெண்டு நாள் வெயில்ல வெச்சியின்னா, உப்பாவே வாரிடலாம்."

கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டார்.

"சிரி," என்றார் இருசப்பன். "நல்லா சிரி. டீயும் அங்கதான், சிரிப்பையும் அங்கயே வெச்சிக்கோ."

கண்ணாயிரம் மீட்டரைச் சட்டைப்பையில் செருகினார். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்," என்று கிளம்பினார். அப்போது மத்தியானம். எந்தப் பால் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொளஞ்சியம்மாள் கண்கலங்கி மன்னிப்புக் கேட்பதாக எழுதி வைத்திருந்தேன். அந்தம்மா அதைப் படித்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நான் ஏன் அங்க போறேன்னு நீ ஒருநாளும் கேக்கலியே."

"இதுல கேக்க இன்னா இருக்குது? இனிப்புக்குப் போற."

"இனிப்புக்கா? டாக்டரு எனக்குத்தான் நிறுத்துனாரு. நீ குடிக்கிறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எதுத்தாப்புல ஒக்காந்துகினு ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குவ பாரு, தெருவுக்கே கேக்குற மாதிரி. கலக்கிட்டு அந்த ஸ்பூன வேற நக்குவ. அதப் பாத்துகினே நான் என் டம்ளரக் குடிக்கணும். அந்த டம்ளர ஒன் தலையில கவுக்கலாமான்னு இருக்கும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சக்கரை உள்ளவ சக்கரை இல்லாதவனப் பாத்துப் பொறாமப்படுறேன்னு சொல்லணுமா? அங்க அண்ணனும் அண்ணியும் எனக்குப் போடுற இலையத்தான் அவங்களும் போட்டுக் குடிக்கிறாங்க. நான் யாரு டம்ளரையும் பாக்க வேண்டியதில்ல. அதுக்குப் போறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருசப்பன் பக்கெட் பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன். பொறாமை எல்லாம் எங்கள் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தோம்.

8

இருசப்பன் அந்தத் தண்ணீரைக் கொட்டினார். வேரைக் கழுவி, மருந்தை அளவாகக் கலந்து புதுத் தண்ணீரில் வைத்தார். ஒரே ஒரு குச்சி பிழைத்தது. சில நாள் கழித்து அதன் நுனியில் கொஞ்சம் பச்சை இலை, ஒரு டம்ளருக்குத்தான் வரும். (இரண்டு டம்ளருக்கு வருகிற மாதிரி விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.)

மறுநாள் காலை. சீனி டப்பா பரணுக்குப் போய்விட்டது. இலையைக் கசக்கி ஊறவைத்து ஒரு டம்ளரில் வடித்தார், இன்னொன்றில் ஒன்றும் இல்லை. மேலே டீயை ஊற்றினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் உள்ளே போய் மனைவியை எழுப்புவதற்குள் நான் சில முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்.

முடிவு ஒன்று: இனிப்பு டம்ளரை அவர் மனைவிக்குக் கொடுக்கிறார், வெறும் டீயைத் தான் குடிக்கிறார். அந்தம்மா கண்ணை மூடித் திறக்கிறார். (எழுதிக் கிழித்துவிட்டேன். இவ்வளவு சுகமாக எதற்கு இருக்க வேண்டும்?)

முடிவு இரண்டு: இன்னும் நாலு இலை கேட்க இருசப்பன் மதில் அருகே போய், "மச்சான்—" (போக மாட்டார். தள்ளிப் பார்த்தேன்.)

முடிவு மூன்று: இரண்டையும் ஒரே சொம்பில் ஊற்றி ஆற்றிப் பங்கு போடலாம். இது அவர்களுக்குத் தோன்றிவிடக் கூடாது என்று மெதுவாக எழுதுகிறேன்.

இதோ, இருவரும் வந்துவிட்டார்கள். ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும். அவர் உள்ளே போயிருந்தபோது அடுக்களையில் நான் மட்டும்தான் இருந்தேன். டம்ளர்களை இடம் மாற்றி வைத்தேனா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். மாற்றியிருந்தால் இனிப்பு மறுபடியும் அவர் கைக்கே போகும், வெறும் டீ மறுபடியும் அந்தம்மா கைக்கே போகும்.

இருசப்பன் ஒன்றை மனைவி முன்னால் வைத்தார். ஒன்றைத் தன் முன்னால் வைத்தார். கொளஞ்சியம்மாள் டம்ளரைத் தொடவில்லை.

"மொதல்ல நீ குடி," என்றார். "நான் ஒன் மூஞ்சியப் பாக்கணும்."

இருசப்பன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகிறார். இதற்குமேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் நல்லவராக இருந்தால் நல்லபடியாக முடியுங்கள். என்னை மாதிரி என்றால் உங்கள் இஷ்டம். எனக்கும் டீ நேரம் ஆகிவிட்டது. ஒரு டம்ளர்தான் போடுவேன். எத்தனை ஸ்பூன் போட்டாலும், எவ்வளவு சத்தமாகக் கலக்கினாலும், எதிரே உட்கார்ந்து ஆத்திரப்பட ஆள் கிடையாது.