நடுக் கதிரை

கௌரி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அந்த பிலிம் சுருள் கழுவப்படாமல் என் அலமாரியில் கிடந்தது.

படம் பிடித்தவர் அக்காவின் கணவர், சண்முகலிங்கம் அத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிறார். புகைப்படத்தைப் பற்றிப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். கமராவைப் பற்றி அல்ல. படத்துக்கு நிற்கும்போதும், அதைப் பிறகு கையில் வாங்கிப் பார்க்கும்போதும் சாதாரண மனிதருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. படத்தில் ஏன் எவரும் தம்மைப் போல இருப்பதில்லை? இறந்தவரின் படத்தை மாட்ட ஏன் ஆணியைக் கொஞ்சம் உயரத்தில் அடிக்கிறோம்? இப்படியான கேள்விகள். எழுதியதை நான் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பேன். ரசாயனம் படித்தவள் என்பதால் படம் கழுவுவதும் என் வேலை. ஆட்களோடு கதைப்பதைவிட அது எனக்குச் சுலபம்.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவில் இருப்பவர் போய்விடுவார் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இதற்கென்று அத்தான் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். கொட்டாஞ்சேனையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் செபஸ்தியன் இதற்காகவே ஒரு பீங்கான் நாய் வாங்கி வைத்திருக்கிறாராம். மூன்று பேர் வந்தால் நாயைக் காலடியில் வைத்து நாலாக்கிவிடுவார். அந்த நாய் எத்தனையோ குடும்பங்களின் சுவரில் தொங்குகிறது என்று அத்தான் எழுதியிருந்தார். அத்தியாயத்தின் முடிவுக்கு நாய் இல்லாத படம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

தலைப்பிள்ளைப் பேறு என்பதால் அக்கா வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கமராவோடு வந்தார். உலக யுத்தத்தால் பிலிம் கிடைப்பது அரிதாயிருந்த காலம். அந்தச் சுருளில் கடைசியாக ஒரு படத்துக்கு இடம் இருந்தது. எங்கள் மூவரையும் முற்றத்தில் நிற்கச் சொன்னார்.

அம்மா மாட்டேன் என்றார். வேறு யாராவது வரட்டும் என்றார். பக்கத்து வீட்டு றோஸியைக் கூப்பிடலாம் என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்கள் மூண்டு இல்லையம்மா. வயித்துக்குள்ள இருக்கிறதோட நாலு."

"பிறக்காததை எண்ணக் கூடாது" என்றார் அம்மா.

ஆனால் மருமகன் திரும்பத் திரும்பக் கேட்கும்போது மறுத்துக்கொண்டிருக்க அம்மாவால் முடியாது. வந்து நின்றார். அக்காவின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்த நாட்கள் அவை. நான் உள்ளேயிருந்து கதிரையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து அவளை இருத்தினேன். அத்தான் குனிந்து கமராவுக்குள் பார்த்து, சரி என்றார். அப்போது அம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அக்காவின் தோளைத் தட்டினார்.

"எழும்பு பிள்ளை. எனக்கு நாரி நோகுது. நான் இருக்கிறன்."

அக்கா எழுந்து கதிரையின் ஓரமாக நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மா நடுவில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். அத்தான் மறுபடியும் கமராவுக்குள் குனிந்தார். எனக்குக் கோபம் வந்தது. கதிரையின் மற்றப் பக்கம் போய் நின்றேன். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தத்தில் கமராவின் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அக்காவுக்குத் தலையிடி தொடங்கியது. கண் புகைச்சலாக இருக்கிறது என்றாள். ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடியே வலிப்பு வந்து விழுந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் டொக்டர் அத்தானிடம், தாயைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாராம். அத்தான் அங்கேயே விறாந்தையில் இருந்துவிட்டார். எங்களைப் பார்வை நேரம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அலமாரிப் பக்கம் நான் போகவில்லை. எந்தப் படமும் எடுக்கும்போது கடைசிப் படம் அல்ல, பிறகுதான் அப்படி ஆகிறது என்று அத்தான் ஓரிடத்தில் எழுதியிருந்தார். என் கையாலேயே பிரதி எடுத்த வரி. இருட்டில் சுருண்டு கிடக்கும்வரை அது எந்தப் படமும் அல்ல. கழுவி எடுத்தால், அக்காவின் கடைசிப் படத்தைக் கழுவியவள் நான் ஆகிவிடுவேன். பி.எஸ்.சி. படித்தவள் இப்படி யோசிக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே யோசித்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். முதல் நாளிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அந்தப் படத்தைக் கழுவு பிள்ளை."

அம்மா மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார், கையில் வைத்துக்கொள்ள ஒரு படம் தேடுகிறார் என்று நினைத்தேன். படம் கழுவும் மருந்து முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் சுவர்த் தட்டில் இருந்த மருந்துப் போத்தல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா வரட்டும் அம்மா. அவவோட சேர்ந்து பார்ப்பம்."

"அவ வாறதுக்குத்தான் சொல்லுறன்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மிகவும் சாதாரணமாக, அரிசிக் கூப்பனைப் பற்றிக் கதைப்பது போலச் சொன்னார்.

"கழுவினால்தானே அது படம். நடுவில இருக்கிறது ஆரெண்டு அப்பத்தானே தெரியும். நீ அதைப் பூட்டி வைச்சிருக்கிறாய். கொண்டுபோக வந்தது ஆள் தெரியாமல் அங்க அவவிட்டப் போய் நிக்குது. நடுவில இருந்தது நான், பிள்ளை. போறதெண்டால் நான்தான் போகவேணும்."

படம் எடுத்த அன்று அம்மாவுக்கு நாரி நோகவில்லை.

குளியலறை யன்னலில் குண்டுவீச்சுப் பயத்தில் ஒட்டிய கறுத்தக் காகிதம் இன்னும் இருந்தது. பகலிலும் அங்கே இருட்டு. சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கை ஏற்றி, தட்டங்களில் மருந்தை ஊற்றினேன். அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

பிலிமின் இரு நுனியையும் பிடித்து மருந்துக்குள் ஏற்றி இறக்கினேன். முதலில் முற்றம் வந்தது. பிறகு சேலைகள். நெகற்றிவ்வில் முகங்கள் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் மூன்று உருவங்கள்.

"இதில நான் எது?"

"நடுவில. கதிரையில."

"வடிவாத் தெரியுதோ?"

"ஓம்."

அடுத்த தட்டத்தில் ஹைப்போ கரைசல். அதில் போட்டால் படம் நிலைத்துவிடும். அதற்குமுன் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் கறுத்துப் போகும். கதவு என் முழங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. எதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் போட்டால் போவது அம்மா, திறந்தால் போவது அக்கா என்று தலைக்குள் ஓடியது. ரயில் வந்தது. தட்டங்களில் மருந்து நடுங்கியது.

"பயப்படாத. போடு" என்றார் அம்மா.

போட்டேன்.

பின்னேரம் அத்தான் றிக்‌ஷாவில் வந்தார். சவரம் செய்யாத முகம். பெண் குழந்தை என்றார். வலிப்பு நின்றுவிட்டது, அக்கா கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்றார். அம்மா நின்றபடியே கேட்டார். பிறகு குசினிக்குள் போய், அத்தானுக்கு உலை வைத்தார்.

பிள்ளை பிறந்ததும் இந்த வலிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். டொக்டரும் அதைத்தான் சொன்னார். நான் அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். அன்றிரவு தன் அலமாரியைப் பூட்டும் திறப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். மறுநாள் தன் கூறைச் சேலை கௌரிக்கு, சங்கிலி எனக்கு என்றார். இப்போது, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் பத்தியக் கறிக்குச் சரக்கு எவ்வளவு வறுக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கவைத்துப் பழக்குகிறார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

அக்கா பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தானும் அத்தியாயத்தை முடித்துப் பிரதி எடுக்கத் தந்திருக்கிறார். படம் அவருக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே போட இப்படி எழுதியிருக்கிறார்: 'நடுவில் அமர்ந்திருப்பவர் வீட்டின் மூத்தவர். அந்த இடம் தமக்கே உரியது என்பதை அவர் இருக்கும் விதமே சொல்கிறது. பழைய அச்சம் தோற்ற இடம் இது. மூவரும் சுகமாக உள்ளனர்.'

படத்தில் அம்மாவின் ஒரு கை கதிரையின் பிடியில் இருக்கிறது. மற்றக் கை அக்காவின் இடுப்பில். அணைக்கும் கை அல்ல அது. அவளை இன்னும் கொஞ்சம் அப்பால் தள்ளுகிற கை. அதைப் பற்றி அத்தான் எழுதவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

'மூவரும் சுகமாக' என்பதுவரை எழுதியிருந்தேன். குசினியில் அம்மா இருமினார். மிளகாய் வறுக்கிற நெடிதான். எனக்கும் மூக்கில் ஏறியது. அவர் மறுபடியும் இருமினார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.