ஈறு நிறக் கோடு

"ரோஸ் கலர்தான் இருக்கு அத்தான். பரவாயில்லையா?"

"ஒட்டினாப் போதும் டாக்டரம்மா. கண்ணாடிக்கு ஈறு முளைச்சா முளைச்சுட்டுப் போகுது. பல்லு முளைக்காம இருந்தாச் சரி."

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா களுக்கென்று சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அத்தான் வாயைத் திறந்தால் அந்த வீட்டில் யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது.

தங்கை டாக்டர் ஒன்றும் இல்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை. ஈறுக்கான ரோஸ் பவுடரோடு மூக்கைத் துளைக்கும் ஒரு திரவத்தைக் கலந்தால் கூழாகும், கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். வீட்டில் வாளிக் கைப்பிடி உடைந்தாலும் சரி, அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கால் முறிந்தாலும் சரி, அதை வைத்து அவள்தான் ஒட்டுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, மேஜைமேல் விரித்த செய்தித்தாளில் கிடந்தது அத்தானுடைய வெள்ளைக் காரின் பக்கக் கண்ணாடி. அதன் கறுப்பு உறை குறுக்காகப் பிளந்திருந்தது. பார்க்கிங் தூணில் உரசிவிட்டதாம். புதிது வர நாளாகுமாம்.

ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கறுப்பின் குறுக்கே வெளுத்த ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, ஆறிப்போன தழும்பு மாதிரி. மேலே கறுப்புச் சாயம் பூசியிருக்கலாம். வேடிக்கையாக இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

பதிலுக்கு அத்தான் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்தார். அக்காவின் பழைய சைக்கிள் அது. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அதைத் தொடவில்லை. தங்கை இங்கே தங்க வந்த பிறகுதான் மூலையிலிருந்து வெளியே வந்தது. ஞாயிறுதோறும் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விடுவது அத்தான்தான்.

"பூத்தொட்டித் தெரு வழியாத்தானே போறே?"

"ஆமா. அங்கதான் வண்டி கம்மி."

"கம்மியாக்கிட்டாங்க, அப்படிச் சொல்லு." பம்பை ஓங்கி ஓங்கி அழுத்தினார். "கார் போகலாமாம், ஆனா சைக்கிளை முந்தக் கூடாதாம். தினமும் எவனோ ஒருத்தன் முதுகைப் பார்த்துக்கிட்டே ஆபீஸ் போறேன். வரி கட்டுறவன் பின்னாடி, வாலாட்டுறவன் முன்னாடி. ஒரு நாளைக்கு ஒருத்தருக்காவது பயம் காட்டினாத்தான் புத்தி வரும்." பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "உன்னைச் சொல்லலம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, ஓரமாப் போவே. நான் சொல்றது அவங்களை."

மறுநாள் பட்டறைக்கு ஒரு அச்சு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டரில் யாருடைய வாயோ. மேல்வரிசை முன்பல் இரண்டைக் காணோம். பக்கத்துப் பல் சரிவாக முறிந்திருந்தது.

"பாட்டு டீச்சராம்," என்றார் பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெருகண்ணன். வேலையே அவருக்குப் பெயராகிவிட்டது. "சனிக்கிழமை பூத்தொட்டித் தெருவுல சைக்கிள்ல போயிருக்காங்க. கார்க்காரன் தட்டிவிட்டுட்டு நிக்காமப் போயிட்டான்."

"என்ன காராம்?"

"வெள்ளைக் கார். ஊர்ல பாதி வெள்ளைக் கார்தான். எங்க தெருக்காரங்க குரூப்ல நேத்து பூரா இதே பேச்சு. அந்தம்மா ஏன் நடுவுல போனாங்க, பளிச்சுனு ஏன் டிரஸ் போடலை, இந்த வயசுல எதுக்கு சைக்கிளு... கடைசியா ஒரு பெரிய மனுஷன் கேட்டான் பாரு, காருக்கு ஏதாவது சேதமான்னு!"

பட்டறை கொல்லென்று சிரித்தது. தங்கையின் கை மட்டும் நின்றுவிட்டது. சனிக்கிழமை டீச்சர் விழுந்தார். ஞாயிறு காலை கண்ணாடி மேஜைக்கு வந்தது. பார்க்கிங் தூண், பார்க்கிங் தூண் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அந்தத் தூண் மெலிந்துகொண்டே போனது.

புதுப் பல் மற்றப் பற்களின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கு மாதிரிப் பற்களை எடுத்துக்கொண்டு யாராவது டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கை நானே போகிறேன் என்றாள். சனிக்கிழமை கார் தட்டிவிட்டுப் போன பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வர நேரமாகும் என்று அக்காவுக்குப் போனில் சொன்னாள். மழை மிரட்டிக்கொண்டிருந்தது. மெருகண்ணன் தன் ஆரஞ்சு மழைக்கோட்டை மாட்டிவிட்டார். அது அவளுக்கு முழங்காலுக்கும் கீழே தொங்கியது.

டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். தோளில் கட்டு. ஜன்னலோரம் ஒரு ஆர்மோனியம், துணி போர்த்தி மூடியபடி.

"பாடினா காத்து வெளியில போயிடுதும்மா. பிள்ளைங்க சிரிச்சுடுவாங்கன்னு லீவு விட்டுட்டேன்."

"கைக்குட்டையைக் கொஞ்சம் எடுக்கறீங்களா?"

எடுத்தார். தங்கை மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் உதட்டருகே வைத்துப் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "எப்படி ஆச்சு?"

"பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டுது. ஓரம் ஒதுங்கினேன். அதுவும் என்கூட ஒதுங்கி வந்துச்சு."

"தவறிப்போய் வந்திருக்கும்..."

"தவறி வர்ற வண்டி பிரேக் போடும்மா. கண்ணாடி என் ஹாண்டில்பாரைத் தட்டுற வரைக்கும் இது போடவே இல்ல." மறுபடியும் கைக்குட்டை வாய்க்குப் போனது. "போலீஸ்ல முதல்ல கேட்டது, ஹெல்மெட் போட்டிருந்தீங்களான்னு. எனக்கு அடிபட்டது வாயில."

அவள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பூத்தொட்டித் தெருவில் ஒரு ஆள் இல்லை. இருபுறமும் சிமெண்டுத் தொட்டிகள், நனைந்து தலைகுனிந்த செடிகள், சாத்திய ஜன்னல்கள். உலகம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் தெரு ஒன்றில் தான் மட்டும் மிதித்துக்கொண்டிருப்பதாக அவளுக்கு அடிக்கடி தோன்றும். மற்ற நாட்களில் அது இனிக்கும். இன்று இனிக்கவில்லை.

பின்னால் எஞ்சின் சத்தம்.

ஆளற்ற தெருவில் ஒரே ஒரு எஞ்சின் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். சத்தம் நெருங்கியது, நெருங்கியபடியே கூட வந்தது. ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று பட்டது. ஓரம் ஒதுங்கினாள். சத்தமும் ஒதுங்கியது. இன்னும் ஒதுங்கினாள். சிமெண்டுத் தொட்டி முழங்காலை உரசியது. அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை.

முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளைக் கதவு மெல்ல, மிக மெல்ல ஊர்ந்து போனது. அதற்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. கறுப்பின் குறுக்கே ஈறு நிறத்தில் ஒரு கோடு.

அவள் தேய்த்த கோடு. எந்த இடத்தில் உப்புத்தாள் சரியாகப் படவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

கார் அவளைத் தாண்டி வெடுக்கென்று ஓரத்துக்கு வெட்டியது. கண்ணாடி அடுத்த தொட்டியில் மோதி 'படக்' என்றது. பிரேக் விளக்குகள் மழையில் சிவப்பாகக் கரைந்தன. ஜன்னல் இறங்கியது.

"ஓரமாப் போய்த் தொலைய மாட்டியா? உங்க அப்பன் வீட்டு ரோடா?"

தினமும் காலையில் டாக்டரம்மா என்று கூப்பிடும் குரல். அவர் நேராக அவளைத்தான் பார்த்தார். மழைக்கோட்டின் தொப்பிக்குள் ஒரு முகம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் காற்றடித்த டயரும் கண்ணில் படவில்லை. 'அத்தான், நான்தான்' என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும்? சிரிக்குமா? மாறாமல் அப்படியே இருந்துவிட்டால்?

ஜன்னல் ஏறியது. கார் போனது. அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு மழைக்கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, நனைந்தபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "என்ன டாக்டரம்மா, நனைஞ்ச கோழியாட்டம்? போன் பண்ணியிருந்தா கார்ல வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே!" எழுந்து போய்த் துண்டு கொண்டு வந்து அவர் கையாலேயே கொடுத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"குளிருதா? சூடா சாப்பிடு." மறுபடி உட்கார்ந்தார். "இன்னைக்குக் கேளு வேடிக்கையை. அந்தத் தெருவுல ஒருத்தி, பூசணிக்காய் மாதிரி ஆரஞ்சுக் கோட்டு. ஹாரன் அடிச்சா ஆடி அசைஞ்சு போறா. சும்மா பக்கத்துல போய் ஒரு காத்து காட்டினேன். செடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா பாரு!" சிரித்தார். "அவளால என் கண்ணாடி போச்சு."

வழக்கமாக அக்கா சிரிக்கும் இடம் இது. சத்தமே இல்லை.

தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். வாசலருகே அவளுடைய பை. சரியாக மூடாத வாயிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே தொங்கி, தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. அக்கா கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை பையிலிருந்து தங்கையின் சிராய்த்த முழங்காலுக்கு வந்தது. அங்கிருந்து முகத்துக்கு. பிறகு ஏதோ எடுக்கப் போகிறவள்போல் வாசல் பக்கம் நடந்து, அந்தக் கையைக் காலாலேயே பைக்குள் தள்ளினாள். கரண்டியிலிருந்து குழம்பு சிந்தியது. அவள் கவனிக்கவில்லை.

"சனிக்கிழமைகூட இப்படித்தான் ஒருத்தி," என்று ஏதோ தொடங்கிய அத்தான் சட்டென்று நிறுத்தி, தண்ணீர் குடித்தார். தட்டுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி உறையைத் தங்கையின் பக்கம் தள்ளினார். பழைய இடத்திலேயே பிளந்திருந்தது. "இந்தத் தடவை மேல கறுப்பு பூசிக் கொடும்மா. அந்த ரோஸ் கண்ணை உறுத்துது. இரு, ஒரு துண்டு கார்லயே விழுந்து கிடக்கு, எடுத்துட்டு வரேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. கீழே கார்க் கதவு திறந்தது.

அக்கா அவள் தோளைப் பிடித்தாள். பல்லும் பவுடரும் எதற்கு என்றே கேட்டிராத அக்கா, இப்போது அந்த உடைந்த உறையை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அந்த டீச்சர் வீடு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா அக்கா, அந்தத் தெரு வழியாத்தான் போகணும்."

கார்க் கதவு சாத்தப்பட்டது. படியில் மறுபடி செருப்புச் சத்தம்.

"என் சைக்கிள்தானேடி அது," என்றாள் அக்கா, காற்றைவிட மெதுவாக. "நாளைக்குக் காலைல என்னைப் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறியா?"