இடுப்பு வரைக்கும் ரங்கன்

ஓவிய வகுப்புக்கான நிதி நிறுத்தப்பட்ட வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஜவ்வாது மலை நெல்லிமரத்தூரில் ரங்கனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போனது. காயமில்லை, ரத்தமில்லை. மேல்பாதி வழக்கமான உயரத்தில் அப்படியே நின்றது. வேட்டி மட்டும் களத்தில் விழுந்து கிடந்தது. "இன்னா ஆச்சின்னு தெரில, முட்டி வலி போய்ட்ச்சி" என்றான் அவன், பக்கத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தவர்களிடம்.

காரணம் அவன் மனைவி சின்னக்குழந்தைக்குத் தெரியும். ஊராட்சி ஒன்றியம் இரண்டு வருஷமாக வெள்ளிதோறும் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்து வந்தது. செங்கத்திலிருந்து நதியா டீச்சர் பஸ்ஸில் வருவாள். அங்கே வரைந்தது ஊரில் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோரும் அறிந்ததுதான். கன்னியம்மாள் தன் பசுவை நெற்றிச்சுட்டியோடு வரைந்தாள், மறுநாள் பசுவுக்குச் சுட்டி வந்திருந்தது. பூவரசன் கூரைக்கு ஓடு வரைந்தான், மழைக்கு முன்பே வீடு ஓட்டு வீடானது. வருகைப் பதிவேட்டில் அதை எழுத இடமில்லாததால் யாரும் எழுதவில்லை. முப்பத்தெட்டு வயது வரை பென்சில் பிடித்திராத சின்னக்குழந்தை புருஷனின் முகத்துக்கே ஆறு வாரம் எடுத்துக்கொண்டாள். அன்று இடுப்புக்கு வந்திருந்தாள். அப்போதுதான் ஆபீஸ் ஆள் கடிதத்தோடு வந்தார்.

"அரை மணி நேரம் குடுங்க சார், ஒரு ஆளு பாதியில நிக்கிறாரு" என்று நதியா கேட்டுப் பார்த்தாள். உத்தரவு இன்று முதல் என்றிருந்தது. தாள், வண்ணம் எல்லாம் அரசாங்கச் சொத்து என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கூடத்துக்கும் சீல் வைத்தார்கள். படம் இடுப்போடு முடிந்ததாகிவிட்டது. நதியா கடைசி பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள்.

போளூரில் வண்ணம் வாங்கி வந்து வீட்டில் வேறு தாளில் கால்களை வரைந்து பார்த்தாள் சின்னக்குழந்தை. காய்ந்ததும் அவை தாளிலேயே நின்றுவிட்டன. பிறகு ஒன்றிய ஆபீசுக்கு நடந்தாள். எழுத்தர் தனசேகரன் நல்ல மனுஷர், அவளை உட்கார வைத்து டீ வாங்கிக்கொடுத்தார்.

"அந்தத் தலைப்புல இந்த வருஷம் நிதியே ஒதுக்கலம்மா. பீரோவத் தொறக்கணும்னா திட்டம்னு ஒண்ணு இருக்கணும்."

"கலரு வேணாங்க. காலு ரெண்டும் பென்சில்லயே போட்டுட்டு வந்துட்றேன்."

"புரியுது. என் கையில இல்லம்மா."

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப்போட்டதற்கு, எந்தக் கால் பாதிக்கப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். இருக்கிற கால் பாதிக்கப்பட்டால்தான் அந்தப் படிவம். ஆதாரைப் புதுப்பிக்கப் போனபோது மட்டும் சிரமம் இல்லை, போட்டோவுக்கு மார்பு வரைதான் கேட்டார்கள்.

தணிக்கை ஆட்சேபணைகள், தேர்தல், இரண்டு அதிகாரிகளின் மாற்றல் என்று மூன்று வருஷம் போனது. தையல் வகுப்புக்காகக் கூடத்தைத் திறந்த அன்று முதல் ஆளாகச் சின்னக்குழந்தை நின்றாள். பீரோ காலி. ஓவியங்களைத் தணிக்கைக்கு அனுப்பிவிட்டார்களாம், எந்த ஊர், எந்த அலமாரி என்று யாருக்கும் தெரியவில்லை. கால் போனது போகட்டும், தாளைக் கரையான் அரித்தால் மிச்சமும் போய்விடுமே. அவள் மறுபடி மலையிறங்கி, "எங்க வெச்சிருந்தாலும் வேப்பெல போட்டு வெக்கச் சொல்லுங்க" என்றாள். தனசேகரன் அதையும் மனுவாக எழுதி, எண் போட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. அதிலிருந்து தினமும் விடிந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, ரங்கனின் தோளையும் காதுகளையும் தொட்டுப் பார்ப்பது.

புளி உலுக்க அவனால் ஏற முடியாது என்பதால் இப்போது அவள் ஏறுகிறாள். ஆடிக் காற்றில் அவன் நாலடி தள்ளிப் போய்விடுவான், மரத்தோடு துண்டால் கட்டி வைப்பாள். மதியம் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அவனால் உட்கார முடியாது. அவளும் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிக்கொண்டாள்.