யூலாவின் நல்ல பானை

அந்த வசந்தத்தில் என் அக்கா யூலாவுக்கு ஒரே வேலைதான். தன் கணவர் நோர்பெர்ட்டுக்கு வாசனை தெரியவில்லை என்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பது. பிடித்துவிட்டால் ஹூமா நகரில் இருக்கும் நுரையீரல் டாக்டரிடம் வருவதாக அத்தான் என் முன்னால் பந்தயம் கட்டியிருந்தார். தோற்கவே மாட்டோம் என்ற திமிர்.

கடலுக்கடியில் கிணறு வெடித்து எண்ணெய் கரைக்கு வந்த வருடம், எங்கள் லூசியானா இறால்காரர்கள் பலரைப் போல அவரும் தன் படகோடு எண்ணெய் வழிக்கப் போனார். இறால் பிடிக்கத் தடை. வேறு பிழைப்பு இல்லை. எண்ணெயைக் கரைக்க விமானங்கள் மருந்து தெளித்தன. அது படகில் நின்றவர்கள் மேலும் விழுந்தது. முகமூடி கேட்டவனிடம், “வாடை பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போ” என்றார்கள் வேலை கொடுத்தவர்கள். அதெல்லாம் பழைய கதை. கடல் மறுபடி பளபளக்கிறது. அத்தான்தான் காலையில் எழுந்ததும் இருமுகிறார். வீட்டின் உயரமான படிகளில் பாதியில் நின்றுவிடுவார். கேட்டால், “மேகத்தைப் பாக்குறேன்” என்பார், மேகமே இல்லாத நாளிலும்.

“டாக்டர் நெஞ்சுல குழாயை வைப்பாரு, படகை வித்துடும்பாரு,” என்று ஒருநாள் என்னிடம் முணுமுணுத்தார். “படகு இல்லாம நான் என்ன, வாத்து மேய்க்கவா?”

அக்கா சமையலறையில் சொன்னது வேறு. “மனுஷன் படியில நிக்கிறப்ப எனக்கும் மூச்சு நின்னுடுது, கோரா.”

முதலில் அவர் நாற்காலிக்கு அடியில் அழுகிய இறாலை வைத்தாள். அத்தான் உட்கார்ந்து, சாவகாசமாகச் செய்தித்தாளைப் பிரித்து, “யாரோ எனக்கு விருந்து வச்சிருக்காங்க போலிருக்கே” என்றார். அக்கா அசந்துபோனாள். நான்தான் கவனித்தேன்: அவர்களுடைய நாய் டிபோ நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

“அத்தான், உங்க மூக்கு நாலு கால்ல நடக்குது.”

“உன் மூக்கு அடுத்தவங்க வீட்டுலயே நடக்குது,” என்றார்.

அடுத்தமுறை டிபோவை என் வீட்டில் கட்டிப்போட்டோம். சவரம் செய்தபின் தடவும் தைலப் புட்டியில் அக்கா வினிகரை ஊற்றி வைத்தாள். அவர் அதைக் கன்னம் முழுக்கப் பூசி, உதட்டோரம் வழிந்த புளிப்பை நக்கிப் பார்த்து, “ஏன் ஷெர், என்னை ஊறுகாய் போடப் போறியா?” என்று அவளைக் கொஞ்சினார். ‘கண்ணே’ என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சு ‘ஷெர்’ வந்தால் அக்காவுக்குக் கோபம் நிற்காது. அதுவும் அவருக்குத் தெரியும்.

கடைசியாக, எங்கள் ஊர் இறால் குழம்பான கம்போவில் வலை விரித்தாள். கம்போ சாற்றுக்கு மாவை எண்ணெயில் கிளறும்போது, பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் நாங்கள் அடுப்பை விட்டு நகர மாட்டோம். நல்ல சாக்லேட் நிறத்துக்கும் கரிக்கும் நடுவே ஒரு இமைப்பொழுதுதான். அதைக் கண் சொல்லாது, மூக்குதான் சொல்லும். கருகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

“நமக்கு ஒரு நல்ல பானை, அவருக்குக் கருகின பானை,” என்றாள். “அதைச் சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்படியே வண்டியில ஏத்துறேன்.”

சொன்ன நாளில் டிபோவை என் வீட்டுத் தூணில் கட்டிவிட்டு மதியம் போனேன். படியில் ஏறும்போதே கருகல் நாற்றம் கண்ணைக் கரித்தது. அக்கா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார்.

“எப்படி இருக்கு, அத்தான்?”

“உங்க அக்கா இவ்வளவு நல்லா வச்சதே இல்ல. காப்பி மாதிரி லேசா ஒரு கசப்பு. அதுதான் அழகு.”

நான் சிரித்துவிட்டேன். “மாட்டிக்கிட்டீங்க. படி வரைக்கும் கரி நாத்தம் வீசுது. எந்திரிங்க, ஹூமாவுக்கு.”

அவர் கரண்டி பாதியில் நின்றது. அசடு வழிய அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. அகப்பையைப் பிடித்தபடி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பானை, கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

“கோரா,” என்றாள். “இது நல்ல பானை. பசிக்குதுன்னாரு, முதல்ல இதையே போட்டேன். கருக்குறதை நான் இன்னும் அடுப்புலயே வைக்கல.”

அகப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“ருசி பாத்தேனே. கசந்துது. வெண்டைக்காய் முத்தல்னு நினைச்சேன்.” காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு நன்றாக இழுத்தாள். மூடி வைத்தாள். இந்தக் காப்பி கலப்படம், அந்தச் சோப்பு போலி என்று அவள் கடைகளைத் திட்டித் தீர்த்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எண்ணெய் கரைக்கு வந்த அந்தக் கோடையில் அவர் எண்ணெயும் மருந்தும் ஊறிய துணியோடு தினமும் வீடு திரும்புவார். அக்கா அதை முற்றத்துத் தொட்டியில் போட்டுக் கசக்குவாள்.

“மிஷின் கெட்டுடும்னு கையால துவைச்சே,” என்றார் அத்தான் மெதுவாக. “மிஷின் இன்னும் நல்லாத்தான் ஓடுது.”

எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். “கிளம்பு.”

“எனக்கென்ன கேடு? இருமுறேனா, இரைக்குறேனா? மூக்கு மட்டும்தானே.”

“நேத்து வரைக்கும் நானும் இதையேதான் சொன்னேன். நீ என்னைக் கழுதைன்னே.”

“கழுதைதான்.”

“சரி, ஜோடியாப் போவோம்.”

அவள் செருப்பைத் தேடுவது போல் கொஞ்ச நேரம் நின்றாள். “படகை விக்கச் சொன்னா?”

“அங்கேயே சண்டை போடுவோம். நீ நல்லாச் சண்டை போடுவே.”

பாதிப் படியில் அத்தான் நின்றார். அக்காவும் நின்றாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“மேகம் நிறையத்தான் இருக்கு,” என்றாள்.

நான் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு ஓடி டிபோவை அவிழ்த்துவிட்டேன். ஓடிவந்து வண்டியில் இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

“அவனை எதுக்கு ஏத்துறீங்க? டாக்டர் விரட்டுவாரு,” என்றேன்.

“இருக்கட்டும்,” என்றார் அத்தான், வண்டியைக் கிளப்பியபடி. “வீட்டுல மிச்சமிருக்கிற ஒரு மூக்காவது கூட வரட்டும்.”