சொந்தத்துக்கு ஒரு போன்

விரல் நுனி பத்தும் காந்தின. நேற்றெல்லாம் உடைத்த முந்திரிக்கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றிருந்தது. செங்கமலம் அந்தக் கையோடுதான் செத்துக் கிடந்த புருசனின் தாடைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து அண்ணி, நெத்திக்காசு விழுந்துரப் போவுது" என்றான் கொழுந்தன் ரத்தினவேல். அவன் கையில் செத்துப்போன அண்ணன் ரெங்கராஜின் போன் இருந்தது. முதுகில் கடித்த பழம் போட்டது. முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும்.

காலையில் தோப்புக்குப் போன ரெங்கராஜ் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்து கிடந்தார். கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் போய் வெகு நேரமாகிவிட்டது என்றார்கள். திருப்பிக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, வாசல் பெஞ்சில் கிடத்தி, பந்தலும் போட்டாயிற்று. மகனுக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல நம்பர் இல்லை. இந்தப் போனில் இருந்தாலும் இருக்கும்.

அவரிடம் ரெண்டு போன். தொழிலுக்குக் கொரியாக்காரன் போன், சொந்தத்துக்குப் பழம் போட்ட போன். பழத்தை வாங்கின புதிதில் டீக்கடையில் அதுதான் பேச்சு. "கொரியாக்காரன்ல யாவாரி பேசுறது பூராப் பதிவாயிரும்யா, நாளைக்கு வெலைய மாத்த முடியாது. கொட்டை எண்ணெய்க் கையால தடவுனாலும் கேக்கும். பழத்துல ஆளு மொகம் கண்ணாடி மாரித் தெரியும். அது என் மூஞ்சிக்குத்தான் தொறக்கும். பொண்டாட்டி மூஞ்சிக்குக்கூடத் தொறக்காது" என்று சொல்லிச் சிரிப்பார். எதுக்கு ரெண்டு என்று செங்கமலம் ஒருநாள் கேட்டாள். "தோப்புக்கு ஒரு வேட்டி, கோயிலுக்கு ஒரு வேட்டின்னு வச்சிருக்கமில்ல? அது மாரிதான்" என்றார். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

தொழில் போனை விரலால் கோடு இழுத்துத் திறக்க அவளுக்குத் தெரியும். சாவுச் செய்தி அதிலிருந்துதான் ஊரெல்லாம் போனது. அதில் மகன் வெற்றிசெல்வன் நம்பர் இல்லை. ஓசூர் கம்பெனியில் கூட வேலை பார்த்த ஷர்லியை அவன் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த அன்று, ரெங்கராஜ் அடுப்படிக்கு வந்து நின்று அவள் கண்ணெதிரே அழித்தார். "பாத்துக்க, அழிச்சாச்சு. இனிமே அவன் பேர இந்த வீட்டுல எடுக்கப்படாது. எடுத்தா நான் தூக்குல தொங்கிருவேன்." அவளுடைய பட்டன் போனிலும் அழித்தார். ரெண்டு வருசமாயிற்று. அவள் பேரை எடுக்கவில்லை. மகனும் கூப்பிடவில்லை. பெற்றவளை மறந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு கொட்டையை உடைத்தாள்.

கட்டு அவிழ்ந்ததும் ரெங்கராஜின் வாய் லேசாகப் பிளந்தது. ரத்தினவேல் போனை முகத்துக்கு நேரே பிடித்தான். திறக்கவில்லை.

"கண்ணு முழிச்சிருக்கணும் போல அண்ணி."

ஒப்பாரி நின்றுவிட்டது. செங்கமலம் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. போன் ரகசிய எண்ணைக் கேட்டது.

"கொரியாக்காரனா இருந்தா வெரல வச்சே தொறந்திருக்கலாம்" என்றார் முந்திரி யாவாரி ஒருவர்.

"செத்த வெரலுக்கு எதுவும் தொறக்காதுய்யா" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"எது ஒசத்தின்னு ஆராய்ச்சி பண்ற எடமாய்யா இது? எழவு வீட்டுல வந்து ஒக்காந்துக்கிட்டு!" என்று அதட்டினாள் மூக்காயி. கொட்டகையில் செங்கமலத்தோடு கொட்டை உடைக்கிறவள்.

அந்த நேரம் போன் தானாக அடித்தது. வீடியோ கால். திரையில் 'பாப்பா' என்று வந்தது. ரத்தினவேல் சட்டென்று போனை நெஞ்சோடு கவிழ்த்தான். "யாரோ கம்பெனிக்காரன் அண்ணி" என்றான்.

அவளும் பார்த்துவிட்டாள். பந்தலில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். தோப்பில் ஐயா அந்தப் போனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார் என்று ஒருதரம் சொல்ல வந்து, பாதியில் முழுங்கியவள் அவள்.

"குடுங்க தம்பி. எவளா இருந்தாலும் சாவச் சொல்லணும்ல?"

செங்கமலம் வாங்கி, பச்சையைத் தொட்டாள். திரை நிறைய ஒரு குழந்தை முகம். அரிசிப் பல்லும் எச்சிலுமாக, "தாத்தா... மயிலு?" என்றது.

"மாமா, காலைல ஏன் கூப்புடல? தோப்பு மயிலப் பாக்காம சாப்புட மாட்டேங்குறா" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பிறகு அவளும் திரையில் தெரிந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "அத்தை..."

ஷர்லி திரும்பி யாரையோ கூப்பிட்டாள். வெற்றிசெல்வன் வந்தான். தாடி வைத்திருந்தான்.

"அம்மா? நீயா பேசுற?"

"இது யாரு புள்ளய்யா?"

"ஹரிணிம்மா. ஒன் பேத்தி. அப்பா தெனமும் காலைல பேசுவாரே." அவன் குரல் இறங்கியது. "நீதான் என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டியாம். நான் பேசுனா மருந்தக் குடிச்சிருவேன்னியாம். கொஞ்ச நாள் பொறு, நானே ஆத்தாளச் சரிக்கட்டுறேன்னாரு."

"எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல அண்ணி" என்றான் ரத்தினவேல்.

செங்கமலம் பெஞ்சைப் பார்த்தாள். வாய் இன்னும் பிளந்துதான் இருந்தது.

"அப்பா போயிட்டாருய்யா. கிளம்பி வா. புள்ளையையும் தூக்கிட்டு வா."

போனை ரத்தினவேலிடம் கொடுத்தாள். துணியை எடுத்துத் தாடையை மறுபடி கட்டினாள். ஒரு சுற்றுப் போதும். மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"அண்ணி, போதும்."

அவள் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள்.

பொழுது சாய்கிற நேரம் கார் வந்தது. வெற்றிசெல்வன் அப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். ஷர்லி குழந்தையோடு ஒதுங்கி நின்றாள். செங்கமலம் எழுந்துபோய்க் கையை நீட்டினாள். வெடித்துக் கறுத்த விரல்களைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு, ஷர்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"புது எடம்ல அத்தை, பழகிரும்" என்றாள் ஷர்லி.

"புது எடமில்லத்தா. புது ஆளு" என்றாள் செங்கமலம்.

அழுகை அடங்காமல் குழந்தை அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பியது. பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்தது. ரத்தினவேலின் சட்டைப்பையில் தெரிந்த போனைப் பார்த்து, "தாத்தா" என்று கையை நீட்டியது.

பாடை கட்டியானது. தூக்குமுன் ஊர் அம்பலகாரர் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. எல்லாச் சாவிலும் கேட்கிறதுதான்.

"ரெங்கராசு கணக்குல யாருக்காச்சும் குடுக்கல் வாங்கல் பாக்கி இருந்தா இப்பவே சொல்லிருங்க. மகன் நிக்கிறான், அவன் பொறுப்பு."

யாவாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலகாரர் கையை இறக்கப் போனார்.

"எனக்கு இருக்கு."

பொம்பளைகள் நடுவிலிருந்து செங்கமலத்தின் குரல். மூக்காயி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டாள்.

"என்னத்தா பாக்கி?" என்றார் அம்பலகாரர்.

"அந்தப் புள்ள என்னைய அப்பத்தான்னு கூப்புடணும். அதக் குடுக்காமப் போறாரு."